களைத்துப்போன நாயகர்களின் கதாசிரியர்

அலிஸ்டர் மக்லீன் பெயரை எடுத்தால் போதும், ஐம்பதைத் தாண்டிய நாவல் பிரியர்கள் நாலு பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஒருவர் 'தி கன்ஸ் ஆஃப் நேவரோன்' என்பார். இன்னொருவர் 'வேர் ஈகிள்ஸ் டேர்' படத்தின் கேபிள் கார் சண்டையைக் கையை ஆட்டி நடித்தே காட்டுவார். மூன்றாமவர், வாடகை நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகத்தில் கடைசி நாலு பக்கம் இல்லாமல் ஒரு ராத்திரி முழுக்கத் தவித்த கதையைச் சொல்வார். நாலாவது ஆள் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "அவரை மாதிரி வேற யாருங்க எழுதியிருக்காங்க?"

அதற்கு வரும் பதில்களில்தான் எனக்கு எப்போதும் மனத்தாங்கல். லட்லம் என்பார்கள், ஃபோர்சைத் என்பார்கள். இருவரும் பெரிய எழுத்தாளர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் மக்லீனைப் பிடித்தவர்களுக்கு எதனால் பிடித்தது என்று யோசித்தால் இந்தப் பெயர்கள் வராது. கூட இருக்கும் குழுவிலேயே ஒருவன் துரோகி, கடைசி அத்தியாயத்தில் முகமூடி கிழியும் என்பதுதான் மக்லீன் பாணி என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது மேல்பூச்சு. அவர் உண்மையில் எழுதியது களைப்பை. தூக்கம் இல்லாமல், விரல் விறைத்து, இனி ஓர் அடி எடுத்துவைக்க முடியாது என்ற நிலைக்கு வந்த மனிதன், அடுத்த அடியை எடுத்துவைப்பதை அவரைப் போல எழுதிய சாகச நாவலாசிரியர் எனக்குத் தெரிந்து இல்லை.

அது எங்கிருந்து வந்தது என்பதற்கு அவர் வாழ்க்கையே பதில். 1922 ஏப்ரல் 21இல் கிளாஸ்கோவில் பிறந்தார். அப்பா ஸ்காட்லாந்து திருச்சபையின் போதகர். இன்வர்னஸுக்குப் பக்கத்தில் டேவியட் என்ற கிராமத்தில் வளர்ந்தார். வீட்டில் பேசியது கேலிக் மொழி, ஆங்கிலம் பிறகு வந்ததுதான். 1941இல் கடற்படையில் சேர்ந்து, ராயலிஸ்ட் என்ற குரூசர் கப்பலில் டார்பிடோ பிரிவில் வேலை பார்த்தார். ஆர்க்டிக் கடல், ஏஜியன் கடல், பிறகு 1945இல் சுமத்ரா, மலேயா பக்கம் என்று அந்தக் கப்பல் போன இடமெல்லாம் போனார். போர் முடிந்ததும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டுப் பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். 1954இல் 'கிளாஸ்கோ ஹெரால்ட்' பத்திரிகை நடத்திய சிறுகதைப் போட்டியில் நூறு பவுண்டு பரிசு கிடைத்தது. அந்தக் கதையைப் படித்துவிட்டு காலின்ஸ் பதிப்பகத்தைச் சேர்ந்த இயன் சாப்மனின் மனைவி கண்கலங்கினார். அதைப் பார்த்த சாப்மன், வாத்தியாரைத் தேடிப்போய் "ஒரு நாவல் எழுதித் தாருங்கள்" என்று கேட்டார். மூன்று மாதத்துக்குள் கைக்கு வந்ததுதான் 'ஹெச்.எம்.எஸ். யுலிஸிஸ்'. 1955இல் வெளியாகி, ஆறே மாதத்தில் கெட்டி அட்டையில் மட்டும் இரண்டரை லட்சம் பிரதிகள் விற்றது.

மக்லீன் ரசிகர்களிலேயே பாதிப் பேர் இந்த நாவலைத் தொட்டதில்லை. படமாக வரவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். என்னைக் கேட்டால் அவர் எழுதிய மற்ற எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து இதை மறு தட்டில் வைத்தாலும் இந்தப் பக்கம்தான் தாழும்.

கதை தொடங்கும்போதே கப்பலில் ஒரு கலகம் நடந்து முடிந்திருக்கிறது. ஸ்காபா ஃப்ளோ தளத்தில் விசாரணை. தலைமையகத்திலிருந்து வந்த அதிகாரி, மாலுமிகளைக் கோழைகள் என்கிற தோரணையில் பேசுகிறார். கப்பலின் வயதான டாக்டர் எழுந்து பதில் சொல்கிறார்: இவர்கள் பயந்தாங்கொள்ளிகள் இல்லை, இவர்கள் தூங்கி எத்தனையோ நாளாகிறது, மாதக்கணக்கில் குளிரும் விழிப்பும் சேர்ந்து ஒரு மனிதனின் உடம்பையும் மனசையும் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியுமா? முதல் அத்தியாயத்திலேயே மக்லீன் தன் வாழ்நாள் விஷயத்தைச் சொல்லிவிட்டார். தலைமையகம் கேட்கவில்லை. அதே ஆட்களை, அதே கப்பலில், ரஷ்யத் துறைமுகமான முர்மான்ஸ்குக்குப் போகும் சரக்குக் கப்பல் அணிக்குக் காவலாகத் திரும்பவும் அனுப்புகிறது.

ரஷ்யாவுக்குத் தளவாடம் கொண்டுபோன அந்த ஆர்க்டிக் அணிகளின் கதை நிஜத்திலேயே பயங்கரமானது. 1942 ஜூலையில் பி.க்யூ. 17 என்ற அணி, ஜெர்மன் போர்க்கப்பல் திர்பிட்ஸ் வருகிறது என்ற அச்சத்தில் நடுக்கடலில் கலைந்துபோகச் சொல்லப்பட்டது. கப்பல்கள் காவல் இல்லாமல் சிதறின. அந்த அணியின் சரக்குக் கப்பல்களில் மொத்தம் 24 மூழ்கின. மக்லீன் அந்த அணியில் இல்லை. ஆனால் அதே கடலில் பிறகு போனவர்.

எனக்குத் தெரிந்த தூத்துக்குடிக்காரர் ஒருவர், சரக்குக் கப்பல்களில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணாச்சி என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவோம். யுலிஸிஸ் படித்திருக்கிறீர்களா என்று கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கப்பல்ல ஐஸ் பிடிக்கிறது அழகுக்குப் பாக்கிற விஷயம் இல்ல. அலை தெறிச்சு மேல்தட்டுல விழும், விழுந்த இடத்துலயே உறைஞ்சிரும். கம்பி, கயிறு, கைப்பிடி எல்லாம் பருத்துக்கிட்டே போகும். மேல பாரம் ஏறுனா கப்பல் ஒரு பக்கம் சாஞ்சா நிமிராது. அதனால தூக்கம் போனாலும் சரின்னு இருக்கிற ஆளெல்லாம் கோடாலியும் சம்மட்டியுமா ஏறி உடைக்கணும். உடைச்சு முடிச்சுத் திரும்பிப் பாத்தா முதல்ல உடைச்ச இடத்துல மறுபடி பிடிச்சிருக்கும். நான் வடகடல்ல ரெண்டு பயணத்துல பாத்ததே போதும்னு ஆயிட்டு. அந்த மனுசன் அதுல குண்டுக்கும் நடுவுல நின்னுருக்கார்." மக்லீன் வர்ணிப்பதும் இதே வேலையைத்தான். அதில் வீரம் எதுவும் கிடையாது. முடியாத வேலையை, முடியாத உடம்போடு, மறுபடி மறுபடி செய்வதுதான் இருக்கிறது.

அந்த நாவலில் மறக்க முடியாதது கேப்டன் வாலரி. காசநோய்க்காரர், இருமினால் ரத்தம். எழுந்து நிற்கவே தெம்பில்லாத நிலையில், கப்பல் முழுக்கத் தளம் தளமாக இறங்கி, எஞ்சின் அறை, வெடிமருந்து அறை என்று ஒவ்வொரு இடத்திலும் ஆட்களிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருகிறார். அவ்வளவுதான் சம்பவம். அதற்குப் பிறகு, சில நாள் முன்பு கலகம் செய்த அதே மாலுமிகள் அந்த மனிதனுக்காக எதையும் செய்வார்கள். அப்புறம் ரால்ஸ்டன் என்ற இளம் மாலுமி. எரிந்துகொண்டிருக்கும் எண்ணெய்க் கப்பல் ஒன்று இருட்டில் எதிரிக்கு அணியையே காட்டிக்கொடுக்கும் என்பதால் அதை டார்பிடோவால் மூழ்கடிக்க அவனுக்கு உத்தரவு வருகிறது. செய்துமுடிக்கிறான். அந்தக் கப்பலில் இருந்தவர் அவன் அப்பா. பரிசு வாங்கிய முதல் சிறுகதையிலும் இதே முடிச்சுதான்: புயலில் சிக்கிய மகன்களைத் தேடிப் படகில் போகும் கிழவர், வழியில் தத்தளிக்கும் வேறு குழந்தைகளைப் பார்க்கிறார், யாரைக் காப்பாற்றுவது என்று முடிவெடுக்க வேண்டும். ஒன்றில் அப்பா, மற்றதில் மகன். போதகர் வீட்டுப் பிள்ளை இந்தக் கேள்வியை விடவே இல்லை என்று தோன்றுகிறது. நாவல் வந்தபோது பிரிட்டிஷ் கடற்படையை இழிவுபடுத்துகிறது என்று சிலர் கொதித்தார்கள். எனக்கு அந்தக் கோபம் புரியவே இல்லை. மாலுமிகளை இவ்வளவு மரியாதையோடு எழுதிய புத்தகம் அபூர்வம்.

அடுத்தது 1957இல் வந்த 'நேவரோன்'. ஒரு தீவின் பீரங்கிகளைத் தகர்க்கப் போகும் சிறு குழுவின் கதை. தீவு கற்பனை, பின்னணி நிஜம். 1943 நவம்பரில் ஏஜியன் கடலின் லெரோஸ் தீவை ஜெர்மானியர் பிரிட்டிஷாரிடமிருந்து பிடித்த சண்டை இதற்கு விதை. 1961இல் வந்த படத்தைப் பார்த்தவர்கள் கிரிகரி பெக், ஆண்டனி குவின், டேவிட் நிவன் மூவரையும்தான் நினைவில் வைத்திருப்பார்கள். புத்தகத்தில் இருந்த இரண்டு கிரேக்கத் தோழர்கள் படத்தில் பெண்களாக மாறினார்கள். அதைவிடப் பெரிய நஷ்டம், ஆண்டி ஸ்டீவன்ஸ் என்ற இளைஞனைப் படம் விட்டுவிட்டது. மலையேறத் தெரிந்த பையன், ஆனால் பயப்படுகிறோமே என்ற பயம் அவனுக்கு. செங்குத்துப் பாறையில் விழுந்து கால் நொறுங்கி, புண் புரையோடி, கடைசியில் மற்றவர்கள் தப்பிக்க நேரம் வாங்கித்தரத் தனியே துப்பாக்கியோடு உட்காருகிறான். அப்போது பயம் போய்விட்டதை அவனே கவனிக்கிறான். பீரங்கியைத் தகர்ப்பதைவிட எனக்கு அந்த நாவலின் உச்சம் இதுதான்.

'நைட் வித்தவுட் எண்ட்' பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1959. கிரீன்லாந்தின் பனிமேட்டில் ஓர் ஆய்வு நிலையம், அதற்குப் பக்கத்தில் பயணிகள் விமானம் ஒன்று இறங்கி நொறுங்குகிறது. வெளி உலகத்தோடு பேச இருந்த ஒரே ரேடியோ உடைகிறது. பிழைத்தவர்களில் கொலைகாரர் உண்டு. பழைய சித்ரோயன் டிராக்டர் ஒன்றில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கடற்கரை நோக்கிப் புறப்படுகிறார் கதை சொல்லும் டாக்டர். யார் கொலைகாரன் என்ற கேள்வி ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தாலும், படிக்கும்போது நம் கவனமெல்லாம் அந்த டிராக்டர் நிற்காமல் ஓடுமா, பயணிகளில் இருக்கும் கிழவிக்கு இன்னொரு போர்வை கிடைக்குமா என்பதில்தான் இருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி என்று எண்ணைச் சொன்னால் நமக்கு உறைக்காது. மூச்சு முகத்திலேயே பனியாகப் படிவதையும், கையுறையைக் கழற்றி ஒரு திருகாணியைத் திருகுவதற்குள் விரல் போய்விடும் என்பதையும் சொல்கிறார், உறைக்கிறது.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன், அவர் மாதிரி யார்?

அவருக்கு முன்னால் ஹேமண்ட் இன்ஸ். 1913இல் பிறந்து 1998இல் இறந்தவர். ஆறு மாதம் ஊர் சுற்றல், ஆறு மாதம் எழுத்து என்று ஒழுங்காக வாழ்ந்த மனிதர். அதனால் தென்துருவத் திமிங்கில வேட்டையோ கனடாவின் மலையோ, அவர் எழுதினால் நேரில் பார்த்தது தெரியும். 'தி ரெக் ஆஃப் தி மேரி டியர்' 1956இல் வந்தது. ஆங்கிலக் கால்வாயில் ஆள் இல்லாமல் மிதந்துவரும் சரக்குக் கப்பலில் கேப்டன் மட்டும் தனியாக இருக்கிறான். கரி படிந்த முகம், கண்ணில் தூக்கமில்லை, பாய்லருக்குத் தானே கரி அள்ளிப் போட்டுக் கப்பலை நகர்த்துகிறான். மக்லீன் வாசகர்கள் இந்த ஆளை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். இன்ஸிடம் வேகம் குறைவு, சில இடங்களில் நீதிமன்ற விசாரணை இழுக்கும். பொறுமை இருந்தால் பலன் உண்டு.

பின்னால் வந்தவர்களில் என் ஓட்டு டெஸ்மண்ட் பேக்லிக்கு. ஒரு தோழி, பள்ளியில் இயற்பியல் எடுத்தவர், இன்னும் ஒரு படி மேலே போய், "மக்லீனைவிட பேக்லிதான் சார் உசத்தி. அவர் ஹீரோவுக்கு மூளை வேலை செய்யும்" என்று அடித்துச் சொல்கிறார். அவ்வளவு தூரம் நான் போக மாட்டேன், ஆனால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பேக்லி 1923இல் இங்கிலாந்தின் கெண்டலில் பிறந்தவர். பதினான்கு வயதில் படிப்பு நின்றது. திக்குவாய். போருக்குப் போகவில்லை, விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 1947இல் சஹாரா வழியாகத் தரைமார்க்கமாக ஆப்பிரிக்கா போய், சுரங்கங்களில் உழைத்து, பத்திரிகையாளராகி, நாற்பதை நெருங்கும்போது முதல் நாவலை வெளியிட்டார். அதுதான் 'தி கோல்டன் கீல்'. போரின்போது மறைத்துவைத்த தங்கத்தைக் கடத்த, அதை உருக்கிப் பாய்மரப் படகின் அடிக்கட்டையாகவே வார்க்கிறார்கள். அந்த வேலையைப் படிக்கும்போது நாமே பட்டறையில் வியர்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும்.

அவருடைய 'ஹை சிட்டாடல்' 1965. கடத்தப்பட்ட விமானம் ஆண்டிஸ் மலையில் கைவிடப்பட்ட சுரங்கத்துக்குப் பக்கத்தில் விழுகிறது. பள்ளத்தாக்கின் மறு பக்கத்தில் துப்பாக்கியோடு எதிரிகள், நடுவே ஒரு பாலம். இந்தப் பக்கம் இருப்பவர்கள் சாதாரணப் பயணிகள். அதில் ஒருவர் மத்தியகால வரலாற்றுப் பேராசிரியர். கிடைத்த இரும்பையும் மரத்தையும் வைத்துக் குறுக்குவில் செய்கிறார்கள். அதை யார் எய்வது? கல்யாணமாகாத ஒரு நடுவயது டீச்சரம்மா வில்வித்தை பழகியவர், அவர்தான். பிறகு பாலத்தைக் குறிவைக்க ஒரு பெரிய கல்லெறி பொறியே எழுகிறது. இன்னொரு குழு, மூச்சு முட்டும் உயரத்தில் ஆக்சிஜன் இல்லாமல் கணவாயைக் கடக்கப் புறப்படுகிறது. மக்லீனின் ஆட்கள் பயிற்சி பெற்ற வீரர்கள். பேக்லியின் ஆட்கள் நம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவர்கள். களைப்பு ஒன்றுதான். 1983இல் அறுபது முடிவதற்குள் பேக்லி போய்விட்டார். முடிக்காமல் விட்ட இரண்டு நாவல்களை அவர் மனைவி ஜோன் முடித்து வெளியிட்டார். அவை 1984இலும் 1985இலும் வந்தன. பழைய தாள்களில் கிடைத்த இன்னொன்று 2019இல் 'டாமினோ ஐலண்ட்' என்று வந்தது.

கேவின் லயல் எழுதிய 'மிட்நைட் பிளஸ் ஒன்' பிரிட்டனியிலிருந்து லீக்டன்ஸ்டைன் வரை ஒருவனைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்கும் கார்ப் பயணம். பாதுகாப்புக்கு வரும் துப்பாக்கிக்காரன் குடிநோயாளி, கை நடுங்காமல் இருக்க அவன் குடிக்காமல் இருக்க வேண்டும். கச்சிதம். ஜாக் ஹிக்கின்ஸ், 'தி ஈகிள் ஹேஸ் லேண்டட்' ஒன்றுக்காகவே கும்பிடலாம். அதில் எதிரிப் படை வீரர்களை நாம் நேசிக்க ஆரம்பிக்கிறோம், அந்தச் சாதனை பெரிது. 2020இல் மறைந்த கிளைவ் கஸ்லரையும் 2021இல் மறைந்த வில்பர் ஸ்மித்தையும் இந்த வரிசையில் சேர்ப்பவர்கள் உண்டு. கஸ்லரின் நாயகன் டர்க் பிட் களைப்பதே இல்லை. ஸ்மித்துக்கு ஆப்பிரிக்காவும் குடும்பத் தலைமுறைகளும் வேட்டையும் முக்கியம். ரசித்துப் படித்திருக்கிறேன், ஆனால் அது வேறு ருசி.

ஒரே ஒரு பிற்கால நாவல் மட்டும் மக்லீன் உயிரோடு இருந்திருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பார் என்று எனக்குத் தோன்றும்: லயனல் டேவிட்சனின் 'கோலிம்ஸ்கி ஹைட்ஸ்', 1994. சைபீரியக் குளிரில் ஒருவன் தனியாகத் தப்ப வேண்டும். குகைக்குள் உதிரிபாகம் உதிரிபாகமாகச் சேர்த்து ஒரு வண்டியைப் பூட்டுகிறான். அந்தப் பக்கங்களைப் படித்த அண்ணாச்சி, "இவன் வேலை தெரிஞ்சவன்டே" என்றார். அவர் வாயில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

நம் மொழியில்? சாண்டில்யன் பெயரை எல்லோரும் சொல்வார்கள். கடலும் கப்பலும் சண்டையும் அவரிடம் ஏராளம், ஆனால் அது அரச வம்சத்துக் காதல் உலகம். என் பதில் ப. சிங்காரம். மக்லீனின் 'சவுத் பை ஜாவா ஹெட்' 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது தப்பி ஓடுபவர்களின் கதை. குடிதண்ணீர் தீர்ந்த படகு, இரண்டு வயதுக் குழந்தை, வெயில். சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' அதே போர், அதே கடல். சுமத்ராவின் மேடானில் வேலை பார்த்தவர் அவர். தொங்கான் என்ற சரக்குத் தோணி புயலில் மாட்டிக்கொள்ளும் அத்தியாயத்தில் காற்றும் தண்ணீரும் மனிதனை எப்படிக் கசக்கும் என்று எழுதியிருப்பதை எந்த ஆங்கில நாவலுக்குப் பக்கத்திலும் வைக்கலாம். 1972இல் வந்த அந்தப் புத்தகத்தை அவர் காலத்தில் நாம் கொண்டாடவில்லை என்பது இன்னும் எனக்கு வலிக்கிறது. மக்லீன் ரசிகர் யாராவது இதைப் படிக்காமல் இருந்தால் தயவுசெய்து படித்துவிடுங்கள்.

மக்லீனின் பிற்கால நாவல்களைப் பற்றியும் நேராகச் சொல்லிவிட வேண்டும். 'ஐஸ் ஸ்டேஷன் ஸீப்ரா' வந்த 1963இலேயே கார்ன்வாலில் ஜமைக்கா இன் என்ற புகழ்பெற்ற விடுதியை வாங்கி, எழுத்தை நிறுத்தினார். 1966இல் 'வென் எய்ட் பெல்ஸ் டோல்' நாவலோடு திரும்பினார், அதுவும் அருமையான கடல் கதைதான். 'வேர் ஈகிள்ஸ் டேர்' முதலில் படத்துக்கென்று எழுதியது, நாவல் அதோடு சேர்ந்து வந்தது. எழுபதுகளுக்கு அப்புறம் பல புத்தகங்கள் திரைக்கதைச் சுருக்கம் போல ஆகிவிட்டன. பேச்சு நீளும், குளிர் குறையும். குடி அவரை அரித்துக்கொண்டிருந்த காலம் அது. 1987 பிப்ரவரி 2இல் மியூனிக்கில் 64 வயதில் இறந்தார். சுவிட்சர்லாந்தின் செலினியில், நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன் புதைக்கப்பட்டிருக்கும் அதே சிறிய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பிறகு அவருடைய கதைச்சுருக்கங்களை வைத்து வேறு ஆட்கள் எழுதிய நாவல்களும் அவர் பெயரைப் பெரிதாகப் போட்டு வந்தன. பழைய புத்தகக் கடையில் அட்டையைப் பார்த்து ஏமாறாமல், யார் எழுதியது என்று சின்ன எழுத்தையும் பாருங்கள்.

அண்ணன் மகள் கல்லூரியில் படிக்கிறாள். "சித்தப்பா, எதுல ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்டிருக்கிறாள். முதலில் 'நைட் வித்தவுட் எண்ட்', அது கீழே வைக்கவிடாது. அடுத்து 'ஃபியர் இஸ் தி கீ', கதை சொல்கிறவனே நம்மிடம் எதையெல்லாம் மறைக்கிறான் என்று கடைசியில்தான் தெரியும். மூன்றாவதாக பேக்லியின் 'ஹை சிட்டாடல்', அந்த டீச்சரம்மாவுக்காக. இவ்வளவும் பிடித்தால் 'யுலிஸிஸ்' கொடுப்பேன். அதற்கு நாலு நாள் லீவு வேண்டும், செமஸ்டர் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.